மாரிக்குப்பம் அண்ணனுக்கு

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். பிப்ரவரி 28 வந்துவிட்டது. தங்கவயலில் உங்கள் ஊர்ப் பக்கத்துச் சாம்பியன் ரீஃப் தங்கச் சுரங்கத்தின் படம் ஒன்றைக் காலையில் யாரோ பகிர்ந்திருந்தார்கள். சுரங்கத்தை மூடி 25 ஆண்டுகள் ஆகிவிட்டன என்று அதைப் பார்த்துத்தான் கணக்கிட்டேன். ஒவ்வோர் ஆண்டும் இந்தத் தேதியில் நீங்கள் விடுப்பு எடுப்பீர்கள். பதிவேட்டில் ‘சொந்த வேலை’ என்று எழுதியிருக்கும். நேற்று வெள்ளிக்கிழமையோடு என் வேலையும் முடிந்தது. பதினோரு ஆண்டுகள் என்னுடையதாக இருந்த இழுப்பறையைக் காலி செய்தபோது, எல்லாவற்றுக்கும் அடியில், நிறுவனத்தின் உள்சுற்று மடலுக்காக நீங்கள் எழுதிக் கொடுத்த கோடு போட்ட நோட்டுத் தாள் கிடைத்தது.

உங்கள் பழைய கைப்பேசி எண்ணை இப்போது வேறு யாரோ வைத்திருக்கிறார்கள். நான் செய்த தவறு பல நாடுகளில் வாசிக்கப்பட்டது என்பதால், இதையும் நாலு பேர் பார்க்கும் இடத்தில் எழுதுவதே முறை என்று தோன்றியது. பழைய அலுவலகத்தார் சிலர் இதைப் படிக்கக்கூடும். ஆகவே நிறுவனத்தின் பெயரும் உங்கள் பெயரும் இதில் வராது. 2023-இல் நீங்கள் வேலை பார்த்த பராமரிப்பு ஒப்பந்தம் கைமாறியபோது நடந்தவற்றைப் பற்றியும் எழுத மாட்டேன். வெளியேறும்போது நான் கையெழுத்திட்ட தாளில் அப்படியொரு நிபந்தனை இருக்கிறது. அந்த வாரம் நான் ஏன் உங்களைப் பார்க்க வரவில்லை என்பதற்கு அப்போது சொல்லியனுப்பிய காரணம் உண்மைதான், ஆனால் அது பாதிக் காரணம். மீதியை நேரில் சொல்கிறேன்.

வேலை செய்பவர்களை அறிமுகப்படுத்திய அந்த உள்சுற்று மடலின் மற்றப் பக்கங்களை நீங்கள் பார்த்ததே இல்லை. ஒப்பந்தப் பணியாளர்களுக்கு நிறுவனத்தின் மின்னஞ்சல் கிடையாது என்பதால், உங்கள் பக்கத்தை மட்டும் வண்ணத்தில் அச்செடுத்துக் கொடுத்தேன். வேலை, ஊர், ஓய்வு என்ற அதே மூன்று கேள்விகளுக்கு மற்ற ஊர்க்காரர்கள் என்ன எழுதினார்கள் என்பதை இப்போதாவது சொல்லிவிடுகிறேன். கிராக்கோவ் அலுவலகத்துக் கணக்காளர் ஒருவர், வேலை முடிந்ததும் விஸ்துலா ஆற்றங்கரையில் சைக்கிள் ஓட்டுவதைப் பற்றி எழுதியிருந்தார். சாவ் பாவ்லோவில் மின்யோக்காவ் என்று ஒரு மேம்பாலச் சாலை இருக்கிறதாம். வார இறுதியில் அதில் கார்களை விடமாட்டார்கள், மக்கள் நடக்கவும் ஓடவும் போகிறார்கள். அங்கேதான் தன் மகனுக்கு சைக்கிள் பழக்கியதாக ஒரு பெண் எழுதியிருந்தார். எனக்கு இன்றும் உறுத்துவது மணிலாவில் இரவுப் பணி பார்த்த பெண்ணின் பக்கம்தான். ஊர் என்ற இடத்தில் எங்கள் அலுவலகம் இருக்கும் நகரங்களின் பட்டியல்தான் வரும், அதிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவர் மணிலாவைத் தேர்ந்தெடுத்துவிட்டு, கீழே முதல் வரியிலேயே, தான் புலக்கானில் வசிப்பதாகவும், ஜீப்னியும் பேருந்துமாக மாறி மாறி வந்து சேர இரண்டு மணி நேரம் ஆவதாகவும் எழுதிவிட்டார். மடலை வெளியிட்ட லண்டன் அலுவலகத்தார் அதில் ஓர் எழுத்தைக்கூடத் தொடவில்லை.

உங்கள் பக்கம் அதற்கு மூன்று வாரங்கள் கழித்து, 2020 ஜனவரியில் வந்தது. பட்டியலில் மாரிக்குப்பம் இல்லை என்று தேநீர்க் கடையில் உங்களிடம் சொன்னேனே, அதைப் பொய் என்று எழுத இப்போதும் கை வரவில்லை. பட்டியலில் இல்லை என்பது உண்மைதானே?

அந்தத் தாள் இப்போது என் முன்னால் இருக்கிறது. ‘கரண்ட் போனால் சில வினாடிக்குள் ஜெனரேட்டர் எடுக்க வேண்டும், எடுக்காவிட்டால் எனக்குப் போன் வரும்’ என்று வேலையைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். ஊருக்கு நேராக இப்படி இருக்கிறது: ‘மாரிக்குப்பம், தங்கவயல். பெங்களூருக்கு 1905-ல்தான் கரண்ட் விளக்கு. எங்கள் ஊருக்கு 1902-லேயே சிவசமுத்திரத்திலிருந்து கரண்ட் வந்துவிட்டது. ஆகையால் கரண்ட் வேலையில் நாங்கள்தான் சீனியர்.’ ஓய்வுக்கு நேராக: ‘ரயிலில். காலையில் தூக்கம், சாயங்காலம் ரம்மி, காசு வைப்பதில்லை. ஞாயிறு அப்பாவைக் குனிய வைத்து முதுகைத் தட்டுவேன், சளி இறங்கும்.’

இவற்றின் மேல் பச்சை மையால் கோடு அடித்தது நான். அச்சில் வந்தது என்ன என்று உங்களுக்குத் தெரியும். ஊர் பெங்களூர் என்றும், ஓய்வு நேரத்தில் உங்களுக்குப் பயணம் பிடிக்கும் என்றும் எழுதினேன். ஒரு நாளில் நான்கு மணி நேரத்துக்கு மேல் பயணிகள் ரயிலில் கழிக்கும் மனிதரைப் பற்றி அப்படி எழுதுகிறோமே என்று அன்று எனக்கு உறைக்கவே இல்லை. படம் எடுப்பதற்காக உங்களை மதிய இடைவேளையில் கப்பன் பூங்காவுக்கு அழைத்துப் போனேன். பத்தொன்பது ஆண்டுகளாக இந்த நகரத்துக்கு வந்து போகிறீர்கள், இன்றுதான் உள்ளே காலெடுத்து வைக்கிறேன் என்றீர்கள். அதையாவது எழுதியிருக்கலாம்.

என் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். ஒப்பந்த ஊழியர் ஒருவரைப் பற்றி அந்த மடலில் வெளியிட ஒன்றரை மாதம் மின்னஞ்சல் அனுப்பி அனுமதி வாங்கியவள் நான். அதற்கு முன் யாரும் கேட்டதில்லை. முதுகைத் தட்டும் வரியை அப்படியே போட்டிருந்தால், உலகத்தின் மறுகோடியில் இருப்பவர்கள் கண்ணீர் பொம்மைகளை அனுப்பி உங்களைப் பரிதாபத்துக்குரியவராக்கியிருப்பார்கள் என்று பயந்தேன். இவ்வளவும் உண்மை. இத்தனைக்கும் கீழே இன்னொன்றும் இருக்கிறது: என் சொந்தப் பக்கத்தில் ஊர் பெங்களூர் என்றும், ஓய்வில் அல்சூர் ஏரிக்கரையில் நடப்பேன் என்றும் எழுதியிருந்தேன். குடியாத்தத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஏரிக்கரையில் நான் நடந்ததும் இல்லை. ஒரே மடலில் உங்கள் ஊர் இருந்தால், என் ஊர் எங்கே என்று யாராவது கேட்டிருப்பார்கள்.

இனி அந்த ரயில். பக்கம் வெளியான வெள்ளிக்கிழமை மாலை, குடியாத்தத்தில் ஒரு கல்யாணத்துக்காக நான் கன்டோன்மென்டில் ஏறினேன். பங்காருப்பேட்டையில் இறங்கி வேறு வண்டி பிடிக்கலாம் என்ற எண்ணம். அது உங்கள் வண்டி என்று தெரியும், ஆனால் அத்தனை பெட்டிகளில் உங்கள் பெட்டியிலேயே ஏறுவேன் என்று நினைக்கவில்லை. கழிப்பறைக்கு அருகே, இரண்டு பைகளுக்கு நடுவில், ஒரு காலை மட்டும் ஊன்றி நின்றிருந்தேன். கிருஷ்ணராஜபுரம் தாண்டியதும் உங்கள் குரல் கேட்டது. நான்கு பேரின் முழங்கால்களுக்கு மேல் ஒரு துண்டை இழுத்து விரித்திருந்தீர்கள். சீட்டுக்கட்டு ஓரமாக இருந்தது. உங்கள் கையில் நான் அச்செடுத்துக் கொடுத்த தாள். அதை மற்றவர்களுக்குத் தெரியாதபடி நெஞ்சோடு சாய்த்துப் பிடித்துக்கொண்டு, ஆங்கிலத்தைத் தமிழில் சொல்வது போலப் படித்துக்கொண்டிருந்தீர்கள்.

“ஊர், மாரிக்குப்பம், தங்கவயல். பெங்களூருக்கு முன்னாடியே கரண்ட் வந்த ஊரு.” வரி பிசகாமல் சொன்னீர்கள். ரம்மியைச் சொன்னபோது எல்லோரும் கைதட்டினார்கள்; காசு வைப்பதில்லை என்ற இடத்தில் ஒருவர் சிரித்தே விட்டார். அப்பாவின் முதுகு வந்தபோது குரலைச் சற்றுத் தாழ்த்தினீர்கள். எதிரில் இருந்தவர், “வெள்ளைக்காரன் இதையெல்லாமா போட்டிருக்கான்?” என்று கேட்டார். “போட்டிருக்கான்டா, அப்படியே போட்டிருக்கான்” என்று சொல்லி நிமிர்ந்தபோது என்னைப் பார்த்தீர்கள்.

தாளை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தீர்கள். அவசரப்படவில்லை. “இப்படி வாம்மா, மாலூர்ல எடம் கெடைக்கும்” என்றீர்கள். மாலூரில் இடம் கிடைத்தது. பக்கத்திலிருந்த அம்மாள் மடியில் அவரைக்காயைக் கொட்டி உரித்துக்கொண்டிருந்தார். யார் என்ன என்று கேட்காமல் எனக்கும் இரண்டு கை அள்ளிப் போட்டார். பனிக்காலத்து அவரைக்கு ஒரு பிசுக்கும் வாசமும் உண்டல்லவா, விரலில் ஏறினால் சோப்புக்குப் போகாது. பங்காருப்பேட்டை வரை தலையைத் தூக்காமல் உரித்தேன். நீங்கள் சீட்டைக் கலைத்துப் போட்டீர்கள். இறங்கும்போது அந்த அம்மாள், “ராத்திரி ஊறவெச்சுப் பிதுக்கணும், நாளைக்குக் குழம்பு” என்று என்னிடம் ஏதோ கடன்பட்டவர் போலச் சொன்னார். கல்யாண வீட்டில் தாம்பூலம் வாங்கும்போதுகூட என் கையில் அவரை மணந்தது.

அதைப் பற்றி நாம் பேசவே இல்லை. திங்கட்கிழமை தேநீர்க் கடையில் நீங்கள் என்னை “மேடம்” என்றீர்கள். மற்றவர்கள் முன்னால் மேடம், டீக்கடையில் தங்கச்சி என்பது நீங்களே வகுத்த ஒழுங்கு; அதை அன்று மாற்றிவிட்டீர்கள், மீண்டும் திருத்தவே இல்லை. எனக்குக் கோபம் உண்டு அண்ணா. தாளைக் கொடுக்கும்போது “உனக்குத் தோணுனபடி சரி பண்ணிக்க” என்று சொன்னவர் நீங்கள். பிடிக்கவில்லை என்றால் திட்டியிருக்கலாம், லண்டனுக்கு எழுது என்று சொல்லியிருந்தால் எழுதியிருப்பேன். ரயில் பெட்டியில் வாயாலேயே சரிசெய்துகொண்டு, நான் சரிசெய்வதற்கு எதையும் மிச்சம் வைக்காமல் போய்விட்டீர்கள். இரண்டு டீக்குக் காசு கொடுக்கும்போது “மேடத்துக்கிட்ட வாங்காதே” என்று கடைக்காரரிடம் சொல்வீர்களே, அதற்கு நான்கு அறை அறைந்திருக்கலாம்.

பிறகு மார்ச்சில் ரயிலே நின்றுவிட்டது. ஊருக்குப் போக வழியில்லாமல் யூ.பி.எஸ். அறைக்கு வெளியே பாய் விரித்துப் படுத்தீர்கள் என்று காவலாளி சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் வீட்டிலிருந்து மடிக்கணினியில் வேலை செய்துகொண்டிருந்தேன். ஒருநாள் இரவு பத்து மணிக்கு, வேலை முடிக்கும்போது, அந்தக் கட்டடத்துச் சர்வர்கள் ஓடுவது நீங்கள் அங்கே படுத்திருப்பதால்தான் என்று நினைத்துக்கொண்டு கைப்பேசியை எடுத்தேன். என்ன சொல்வது என்று தெரியாமல் வைத்துவிட்டேன். அப்பா அந்த வாரங்களில் எப்படி இருந்தார், யார் முதுகைத் தட்டினார்கள் என்று இன்றுவரை கேட்கவில்லை.

தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் நீங்கள் எழுதிய ஒரு வரியும் இருக்கிறது: 1965-இல் சுரங்கத்துக்குள் நியூட்ரினோ கண்டுபிடித்தார்கள், அந்த விஞ்ஞானிகளோடு அப்பா கேஜில், அதாவது சுரங்க லிஃப்டில், இறங்கியிருக்கிறார் என்று. ‘சரிபார்க்க வேண்டும்’ என்று பக்கத்தில் எழுதிவிட்டு நான் சரிபார்க்கவே இல்லை. கிழவர்கள் சொல்லும் கதை என்று விட்டுவிட்டேன். நேற்றிரவு தேடிப் படித்தேன். காற்று மண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோ என்ற நுண்துகளை அந்த ஆண்டில் முதன்முதலாகப் பதிவுசெய்த இடங்கள் இரண்டு. ஒன்று தென்னாப்பிரிக்காவில் ஒரு தங்கச் சுரங்கம். இன்னொன்று உங்கள் ஊர், தரைக்குக் கீழே இரண்டு கிலோமீட்டருக்கும் அதிக ஆழத்தில். மடலில் போட்டிருந்தால் அந்த வரியை எத்தனை பேர் படித்திருப்பார்கள்!

அடுத்த சனிக்கிழமை மாரிக்குப்பம் வண்டியில் வருகிறேன். பங்காருப்பேட்டைக்கு அப்பால் இருக்கும் அந்தப் பதினாறு கிலோமீட்டரை நான் பார்த்ததில்லை. தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டுவருகிறேன். பச்சைக் கோட்டை என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை, ஆனால் அதற்கடியில் எழுத்து நன்றாகத் தெரிகிறது. அப்பாவுக்கு என்ன வாங்கி வரலாம் என்று யோசித்தேன், இனிப்பு ஆகுமா என்றுகூட எனக்குத் தெரியாது. உங்கள் வீடு எந்த லைனில், எந்தக் குடியிருப்பு வரிசையில் என்றும் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. ஸ்டேஷனில் இறங்கி, பெங்களூரில் கரண்ட் வேலை பார்த்தவர் வீடு என்று கேட்டால் காட்டுவார்களா?

அன்புடன்,
தங்கச்சி