நான்காண்டுப் பணி முடித்துத் திரும்பும் அக்னிவீரர்களுக்கு, விளையாட்டு வீரர்களுக்கு உள்ளதைப் போன்ற வேலைப் பாதுகாப்பு கோரும் மனு

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற ஹவில்தார் மற்றும் ஊர்ப் பொதுமக்கள்,
ஒரத்தநாடு வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், தஞ்சாவூர்.

பொருள்: அக்னிவீரர்கள் – நான்காண்டுப் பணிக்குப் பிந்தைய வாழ்வாதாரம் – விளையாட்டு வீரர்களுக்குரிய ஒதுக்கீட்டை முன்மாதிரியாகக் கொண்டு மாநில அரசுக்குப் பரிந்துரை செய்யக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சித்தலைவர் அவர்களுக்கு, வணக்கம்.

நான் இந்திய இராணுவத்தில் 24 ஆண்டுகள் பணியாற்றி ஹவில்தாராக ஓய்வுபெற்றவன். ஊருக்குத் திரும்பிய நாளிலிருந்து, காலை நாலரை மணிக்குப் புதாற்றுக் கரையில் ஓடிப் பழகும் இளைஞர்களுக்குக் கடிகாரம் பிடித்து நேரம் சொல்லி வருகிறேன். நான்காண்டுப் பணிக்கு மட்டும் படையில் சேர்க்கப்படுபவரே அக்னிவீரர். அதற்கான ஆள்சேர்ப்பு முகாமில் 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் ஓடி முடித்தால்தான் முழு மதிப்பெண். ஒன்பதடிப் பள்ளத்தையும் தாண்டிக் காட்ட வேண்டும் என்பதால், கரையோரத் தரிசில் அவர்களே மண்வெட்டி எடுத்து ஒரு பள்ளம் வெட்டி வைத்திருக்கிறார்கள். ஐப்பசி அடைமழையில் அது தூர்ந்துபோகும். தை பிறந்ததும் மறுபடி வெட்டுவார்கள். கபடி ஆடும் பையன்களும் இதே கரையில், இவர்களோடு சேர்ந்தே ஓடுகிறார்கள்.

இந்த இளைஞர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் ஒரு கேள்விதான் இம்மனுவை எழுத வைத்தது. "ஒருத்தருக்கு 27 கோடி, எங்களுக்கு மாசம் 21,000 ரூபாய்தானா மாமா?" என்று கேட்கிறார்கள். 2024 நவம்பரில் நடந்த ஐ.பி.எல். ஏலத்தில் ரிஷப் பந்த் 27 கோடி ரூபாய்க்கு எடுக்கப்பட்டதை அவர்கள் அனைவரும் அறிவார்கள். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இன்னும் நெருக்கமான கபடியில்கூட, 2022-ஆம் ஆண்டு ஏலத்தில் பவன் செராவத்தைத் தமிழ் தலைவாஸ் அணி 2.26 கோடி ரூபாய்க்கு எடுத்தது. அக்னிவீரராகச் சேரும் இளைஞனுக்கு முதலாண்டு மாதச் சம்பளம் 30,000 ரூபாய். அதில் 9,000 ரூபாய், பணி முடிவில் மொத்தமாகத் தரப்படும் சேவா நிதிக்குப் பிடிக்கப்படுவதால் கைக்கு வருவது 21,000 ரூபாய். நான்காம் ஆண்டில் சம்பளம் 40,000 ரூபாயாக உயர்கிறது. படிகள் நீங்கலாக நான்காண்டுச் சம்பளம் முழுவதையும் கூட்டினால் 16 லட்சத்து 74 ஆயிரம் ரூபாய் வருகிறது. ஐ.பி.எல். வீரர் ஒருவருக்கு ஏலத் தொகை போக, ஆட்டம் ஒன்றுக்கு 7.5 லட்சம் ரூபாய் கட்டணம் என்று 2025 முதல் வழங்கப்படுகிறது. மூன்றே ஆட்டங்களில் அந்த நான்காண்டுச் சம்பளத்தைக் கடந்துவிடலாம்.

இதைச் சொல்வதால் விளையாட்டு வீரர்கள் மீது எங்களுக்கு மனத்தாங்கல் இருப்பதாகத் தாங்கள் கருதிவிடக் கூடாது. ஏலத்தில் வரும் பணம் அணி உரிமையாளர்களின் பணம். ஒளிபரப்பும் விளம்பரமும் ஈட்டித் தருவது. படைவீரரின் சம்பளம் மக்களின் வரிப்பணம். இரண்டையும் ஒரே தராசில் நிறுப்பது முறையாகாது என்பதையே அந்தப் பையன்களிடம் நானும் சொல்லி வருகிறேன். ஆனால் அரசு தன் கையால் கொடுப்பதை ஒப்பிட்டுப் பார்க்கக் குடிமக்களுக்கு உரிமை உண்டு என்று நம்புகிறேன். என் கோரிக்கையும் அந்த எல்லைக்குள்தான் நிற்கிறது.

ஒலிம்பிக்கில் தங்கம் வெல்லும் தமிழக வீரருக்கு 3 கோடி ரூபாய் என்று மாநில அரசு அறிவித்திருக்கிறது. உலக சதுரங்கப் பட்டம் வென்ற குகேஷுக்கு 2024 டிசம்பரில் 5 கோடி ரூபாய் வழங்கியது. இவற்றைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு அளிக்கப்பட்டுள்ள 3 விழுக்காடு ஒதுக்கீடு. விளையாட்டு வீரரின் களவாழ்வு குறுகியது, முப்பது முப்பத்தைந்து வயதில் உடல் ஒத்துழைக்க மறுத்துவிடும், அதன்பின் அவர் குடும்பம் தவிக்கக் கூடாது என்ற நியாயம் அதற்குள் இருக்கிறது. அதை நாங்கள் முழுமனதுடன் வரவேற்கிறோம். அதே நியாயம் அக்னிவீரருக்கு இன்னும் அழுத்தமாகப் பொருந்துகிறது என்பதைத்தான் பணிவுடன் சுட்டிக்காட்டுகிறேன். அவருக்கு வாய்க்கும் காலம் நான்கே ஆண்டுகள்.

அக்னிவீரர்களைச் சேர்க்க 2022 ஜூனில் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தின்படி, நான்காண்டு முடிவில் 25 விழுக்காட்டினர் வரை மட்டுமே நிரந்தரப் பணிக்கு எடுத்துக்கொள்ளப்படுவர். மற்றவர்கள் சுமார் 11.71 லட்சம் ரூபாய் சேவா நிதியுடன் ஊர் திரும்புவார்கள். அவர்களுக்கு ஓய்வூதியம் இல்லை, பணிக்கொடை இல்லை, முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் இல்லை. எனக்கு மாதம் தவறாமல் ஓய்வூதியம் வருகிறது. உடம்புக்கு முடியாவிட்டால் முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டத்தில் சிகிச்சை பெறுகிறேன். நான் கடிகாரம் பிடித்து அனுப்பிவைத்த பிள்ளைக்கு இவை எதுவும் கிடையாது என்பதை அவன் தாயிடம் சொல்ல எனக்கு நா எழவில்லை.

எங்கள் தெருவில் அடுத்தடுத்த வீட்டுப் பையன்கள் இருவர், ஒரே பள்ளத்தைத் தாண்டிப் பழகியவர்கள். ஒருவன் கபடியில் மாநில அளவில் ஆடி, விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலைக்குச் சென்றுவிட்டான். மற்றவன் அக்னிவீரனாக வடக்கே பனியில் நிற்கிறான். போன பொங்கலுக்கு விடுப்பில் வந்தவன் கைப்பேசியில் தன் சம்பளச் சீட்டைக் காட்டி, "இதுல மிச்சம் பிடிச்சு அப்பா அடகு வெச்ச ஒரு மா நிலத்தை மீட்டுட்டேன். திரும்பி வந்ததும் என்ன செய்யறதுன்னுதான் தெரியல" என்றான். நிலத்தை மீட்டாலும், மேட்டூர் திறக்கும் தேதியை நம்பி ஒரு மா அளவுள்ள சிறு நிலத்தில் குறுவை போட்டுக் குடும்பம் நடத்த இயலாது என்பதைத் தங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

விளையாட்டும் படையும் எதிரெதிரானவை அல்ல. இலால்குடிப் பகுதியிலிருந்து சென்ற ஆரோக்கிய ராஜீவ் இராணுவத்தில் இருந்தபடியே 2014 இஞ்சியோன் ஆசிய விளையாட்டில் 400 மீட்டர் ஓட்டத்தில் வெண்கலம் வென்று, 2017-இல் அர்ஜுனா விருதும் பெற்றார். 1999 கார்கில் போரில் பட்டாலிக் பகுதியில் உயிர் துறந்து வீர் சக்ரா பெற்ற மேஜர் சரவணன் திருச்சியைச் சேர்ந்தவர். இந்தக் காவிரிக் கரை இரு களங்களுக்கும் பிள்ளைகளைத் தந்திருக்கிறது.

முதல் அணி அக்னிவீரர்கள் 2022 இறுதியிலும் 2023 தொடக்கத்திலும் பயிற்சிக்குச் சென்றவர்கள். அவர்களது நான்காண்டு 2026 இறுதியிலிருந்து நிறைவடையத் தொடங்குகிறது. மத்திய ஆயுதக் காவல் படைகளில் இவர்களுக்கு ஒன்றிய அரசு ஒதுக்கீடு அறிவித்துள்ளது. அதுபோல, தமிழ்நாடு காவல்துறை, தீயணைப்பு, சிறைத்துறை ஆகிய சீருடைப் பணிகளில், விளையாட்டு வீரர்களுக்கான ஒதுக்கீட்டைக் குறைக்காமல், பணி முடித்த அக்னிவீரர்களுக்கெனத் தனி ஒதுக்கீடும் அவர்கள் பணியாற்றிய ஆண்டுகளுக்கு ஈடான வயது வரம்புத் தளர்வும் அளிக்குமாறு மாநில அரசுக்குத் தாங்கள் பரிந்துரைக்க வேண்டுகிறேன். அரசாணை வரும்வரை, முன்னாள் படைவீரர் தகுதி இல்லை என்ற காரணத்தால் இவர்கள் எந்த அலுவலகக் கதவையும் தட்ட முடியாமல் திரும்பிவிடாதபடி, மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் இவர்களுக்கெனத் தனிப் பதிவேடு ஒன்றைத் தொடங்கவும், ஊர் திரும்புவோரின் பெயர்களைப் பதிந்து வேலைவாய்ப்பு அலுவலகத்தோடு இணைத்துத் தரவும் ஆணையிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். இது தங்கள் அளவிலேயே செய்யக்கூடியது என்று நினைக்கிறேன்.

எங்கள் வட்டத்திலிருந்து அக்னிவீரர்களாகச் சென்றவர்களின் பெற்றோர் கையொப்பமிட்ட தாள்களை இம்மனுவுடன் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)
ஓய்வுபெற்ற ஹவில்தார்

இடம்: ஒரத்தநாடு