அப்டேட் போட்டால் கடை விவரம் அழிவது ஏன்?

ஆசிரியருக்கு,

வணக்கம். 2025 செப்டம்பர் 22 அன்று ஜி.எஸ்.டி. விகிதங்கள் மாறின. 12, 28 சதவீத அடுக்குகளில் இருந்த பெரும்பாலான பொருள்கள் 5-க்கும் 18-க்கும் போயின. விகிதத்தை வெளியே ஒரு கான்ஃபிக் கோப்பில் (செட்டிங்ஸ் எழுதிய கோப்பில்) வைத்திருந்த பில்லிங் மென்பொருளுக்குச் சில வரிகளைத் திருத்தினால் போதும். நிரலுக்குள்ளேயே எழுதி வைத்திருந்தால் புதிய பதிப்பு போட்டே ஆகவேண்டும். போட்டதும் கடைப் பெயர், ஜி.எஸ்.டி. எண், பிரின்டர் பெயர் எல்லாம் காணாமல் போய், 'டெமோ ஸ்டோர்ஸ்' என்று பில் வரும். சௌகார்பேட்டை மொத்த வியாபாரக் கடையானாலும் அம்பத்தூர் பட்டறையானாலும் பழி வைரஸ் மேலேயே விழுகிறது. மென்பொருள் பைத்தான் என்ற நிரல்மொழியில் எழுதியது என்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது அதைத் தொகுத்த விதத்தை, அதாவது நிறுவுவதற்குத் தயாராகக் கட்டிய விதத்தை.

பைத்தானின் நிறுவும் கருவியான 'பிப்' ஒரு தொகுப்பை நிறுவும்போது, தான் வைத்த கோப்புகளின் பட்டியலை எழுதி வைத்துக்கொள்கிறது. அடுத்த பதிப்பு வரும்போது அந்தப் பட்டியலில் உள்ளதையெல்லாம் நீக்கிவிட்டுப் புதியவற்றை வைக்கும். நடுவில் கடைக்காரர் ஒரு கோப்பைத் திருத்தினாரா என்று அது பார்ப்பதில்லை. ஆகவே தொகுப்போடு வந்த கான்ஃபிக் கோப்பையே திருத்தச் சொன்னால், அடுத்த அப்டேட்டில் அது போய்விடும். 'பைஇன்ஸ்டாலர்' கருவி கொண்டு, நேரடியாக ஓடும் ஒரே எக்ஸ்இ கோப்பாகக் கட்டுபவர்களுக்கு நிலைமை இன்னும் மோசம். அந்த எக்ஸ்இ ஒவ்வொரு முறை திறக்கும்போதும் ஒரு தற்காலிக ஃபோல்டரில் தன்னை விரித்துக்கொண்டு, மூடும்போது அதை அழித்துவிடும். நிரல் இருக்கும் இடத்திலேயே செட்டிங்ஸைச் சேமிக்கும்படி எழுதியிருந்தால், அது மறுநாள் காலை வரைகூடத் தங்காது.

செய்ய வேண்டியது இதுதான். மாறாத இயல்பு (டிஃபால்ட்) மதிப்புகள் தொகுப்புக்குள் இருக்கட்டும். அவற்றைப் பைத்தானோடு வரும் 'இம்போர்ட்லிப் ரிசோர்சஸ்' வழியாகப் படிக்க மட்டும் செய்யவேண்டும். கடையின் மதிப்புகள் வெளியே இருக்கவேண்டும்: விண்டோஸில் புரோகிராம்டேட்டா அல்லது ஆப்டேட்டா, லினக்ஸில் ஈ.டி.சி. (/etc) அல்லது பயனரின் டாட் கான்ஃபிக் (.config) ஃபோல்டர். சரியான பாதையை 'பிளாட்ஃபார்ம்டர்ஸ்' நூலகமே சொல்லிவிடும். முதலில் இயல்பு, அதன்மேல் கணினி முழுமைக்குமானது, அதன்மேல் பயனருடையது, பிறகு இயங்குதளத்தில் அமைக்கும் என்விரான்மென்ட் மாறி, கடைசியாக நிரலைத் தொடங்கும் கட்டளை வரி என்ற வரிசையில் பின்னது முன்னதை மாற்றவேண்டும். மென்பொருள் நிறுவப்படும் புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டரில் எழுத முடியவில்லை என்பதற்காக 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' போடச் சொல்வது தீர்வே அல்ல.

பிப் நிறுவும் 'வீல்' வகைத் தொகுப்பில், நிறுவி முடித்ததும் தானாக ஓடும் நிரல் என்று எதுவும் கிடையாது. எனவே கடை விவரம் கேட்டு எழுத, மென்பொருளிலேயே தனியாக ஒரு 'தொடக்க' கட்டளை வேண்டும். அது கான்ஃபிக் கோப்பு ஏற்கெனவே இருந்தால் தொடக்கூடாது. புதிய மாதிரியைப் பக்கத்தில் வேறு பெயரில் வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளவேண்டும்.

கான்ஃபிக் கோப்பைப் படிக்கும் இடத்திலும் பொறிகள் உண்டு. அதைப் படிக்கும் பைத்தான் கருவியான 'கான்ஃபிக்பார்சர்', தான் தேடிய கோப்பு இல்லையென்றால் முணுமுணுக்காமல் தாண்டிவிடும். எந்தெந்தக் கோப்பைப் படித்தது என்ற பட்டியலை அது திருப்பித் தருகிறது. அதை லாகில் (நிரலின் பதிவுக் கோப்பில்) எழுதினாலே பாதிச் சிக்கல் தெரிந்துவிடும். கடவுச்சொல்லில் சதவீதக் குறி இருந்தால் பிழை வரும், அந்தக் குறியை வேறு மதிப்பைப் பொருத்தும் இடமாக எடுத்துக்கொள்ளும் இன்டர்போலேஷனை அணைக்கவேண்டும். கடைப் பெயரைத் தமிழில் எழுதினால் விண்டோஸில் எழுத்து சிதைவது, என்கோடிங்கை (எழுத்தைச் சேமிக்கும் முறையை) குறிப்பிடாததால்தான். யு.டி.எஃப்-8 என்று சொன்னால் சரியாகும். நோட்பேட் சிலசமயம் கோப்பின் தொடக்கத்தில் பி.ஓ.எம். என்ற கண்ணுக்குத் தெரியாத குறியைச் சேர்ப்பதால் 'யு.டி.எஃப்-8-சிக்' என்று படிப்பது இன்னும் பாதுகாப்பு.

நகரின் பயிற்சி மையங்களில் இன்றும் 'டிஸ்ட்யுட்டில்ஸ்' என்ற தொகுப்புக் கருவியை நம்பிய பழைய செட்டப் கோப்பையே காட்டினால், அதை விட்டுவிடலாம். 2023 அக்டோபரில் வந்த பைத்தான் 3.12-லேயே அது நீக்கப்பட்டுவிட்டது. இப்போது தொகுப்பின் விவரம் எல்லாம் 'பைப்ராஜெக்ட் டாம்ல்' (pyproject.toml) கோப்பில். அதில் பைத்தான் அல்லாத கோப்புகளை, அதாவது பில் வார்ப்புரு, லோகோ, இயல்பு கான்ஃபிக் ஆகியவற்றைச் சேர்க்க மறப்பதுதான் அடிக்கடி நடப்பது. எழுதியவர் கணினியில் மூல ஃபோல்டரிலிருந்தே ஓடுவதால் குறை தெரியாது. கடையில் போய் 'கோப்பு இல்லை' என்று நிற்கும். வீல் என்பது ஒரு ஜிப் கோப்புதான். அனுப்பும் முன் திறந்து பாருங்கள்.

டெபியன் 12, உபுண்டு 24.04 ஆகிய லினக்ஸ் கணினிகளில் நேரடியாகப் பிப் கட்டளை போட்டால் மறுக்கும். அந்தத் தடையை உடைக்கும் ஆப்ஷனை இணையத்தில் பார்த்துப் போடாதீர்கள். வென்வ் (மென்பொருளுக்கென்று தனிப் பைத்தான் சூழல்) அல்லது அதைத் தானே அமைத்துத் தரும் 'பிப்எக்ஸ்' போதும். ஆனால் ஒரு வென்வை பென் டிரைவில் காப்பியடித்து இன்னொரு கணினியில் வைத்தால் ஓடாது, முழுப்பாதைகள் அதற்குள் பதிந்திருக்கின்றன. இணையம் இல்லாத கடைக்கு, அதே விண்டோஸ், அதே பைத்தான் பதிப்பு உள்ள கணினியில் 'பிப் டவுன்லோட்' கொண்டு வீல்களைச் சேகரித்து எடுத்துப் போய், இணையத்தில் தேடாதே எனும் 'நோ-இண்டெக்ஸ்' ஆப்ஷனோடு அங்கே புது வென்வில் நிறுவவேண்டும்.

பில் வரிசை எண்ணையும் சிலர் கான்ஃபிக்கில் வைக்கிறார்கள். அது செட்டிங்ஸ் அல்ல, கணக்கு. ஜி.எஸ்.டி. விதி 46-ன்படி அது 16 எழுத்துக்குள், நிதியாண்டில் திரும்ப வராமல், தொடர்ச்சியாக இருக்கவேண்டும். ஒரு கான்ஃபிக் கோப்பை பேக்கப்பிலிருந்து மீட்டால் பழைய எண் மறுபடி அச்சாகிவிடும். அதன் இடம் தரவுத்தளம். வரி விகிதத்துக்கோ கான்ஃபிக் சரியான இடம், ஆனால் ஒவ்வொரு விகிதத்தோடும் 'இந்தத் தேதியிலிருந்து' என்று ஒரு புலம் வேண்டும். இல்லாவிட்டால் ஆகஸ்ட் பில்லை மறு அச்செடுக்கும்போது புதிய வரி விழும்.

மென்பொருள் வாங்குவோர், ஆண்டுப் பராமரிப்புப் பணம் கொடுக்கும் முன் ஒரு சோதனையைக் கண்ணெதிரே செய்யச் சொல்லலாம். பழைய பதிப்பை நிறுவி, கடை விவரம் திருத்தி, இரண்டு பில் போட்டு, அதன்மேல் புதிய பதிப்பை நிறுவி, அந்த இரண்டாவது பில்லை மறு அச்செடுத்து, மூன்றாவதையும் போடவேண்டும். அரைமணி நேர வேலை.

இப்படிக்கு,
மென்பொருள் நிறுவும் பணியாளர்கள் சிலர்,
அம்பத்தூர், சென்னை-53