அப்பாவின் கடிதங்களுக்கு இடம் சொன்னவர்களுக்கு

அன்புள்ள அனைவருக்கும்,

வணக்கம். இந்தியப் படையின் பொறியியல் பிரிவுகளில் ஒன்றான மெட்ராஸ் சாப்பர்ஸில் பணியாற்றி கர்னலாக ஓய்வு பெற்ற எங்கள் அப்பாவின் முதலாண்டு நினைவு நாள் சென்ற மாதம் நடந்து முடிந்தது. அன்று நாங்கள் வெளியிட்ட சிறு நினைவுத் தொகுப்பு முழுக்க முழுக்க உங்களால் உருவானது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே எழுதத்தான் ஆசை. ஆனால் உங்களில் சிலருடைய முகவரிகூட எங்களிடம் இல்லை. அதனால் இந்தப் பொது மடல்.

அப்பா வேலையைப் பற்றி வீட்டில் பேசியதே இல்லை. அம்மாவுக்கு அவர் எழுதிய இன்லாண்டு கடிதங்களில் அனுப்புநர் முகவரி 56 ஏ.பி.ஓ. (படைத் தபால் நிலையம்) என்றோ 99 ஏ.பி.ஓ. என்றோதான் இருக்கும். எந்த மலை, எந்த ஆறு, எந்த எல்லை என்று ஒரு சொல் இருக்காது. படையில் விதி அப்படி. அம்மா அவற்றைத் தேதி வாரியாகக் கட்டி, பெயர் எழுதிய அந்தக் கறுப்பு டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தார். எங்களிடம் தேதிகள் இருந்தன, இடங்கள் இல்லை. இடங்களைத் தந்தவர்கள் நீங்கள்.

முதல் நன்றி, ஓய்வு பெற்ற சுபேதார் மேஜர் ஐயாவுக்கு. இந்த வயதில் இரவுப் பேருந்து பிடித்து வந்து, அம்மாவின் அருகில் உட்கார்ந்து, ஒவ்வொரு கடிதமாகத் தேதியைப் பார்த்து இடம் சொன்னார். 1971 டிசம்பர் கடிதத்தை எடுத்ததும், "இது பசந்தர், அம்மா" என்றார். அதற்கப்புறம் அன்று வேறு கடிதத்தைத் தொடவில்லை.

1971 பாகிஸ்தான் போரில், ஷகர்கட் பகுதியில் பசந்தர் ஆற்றுக்கு அப்பால் பகைவர் புதைத்திருந்த கண்ணிவெடி வயலைக் கடந்தால்தான் நம் டாங்கிகள் முன்னேற முடியும். பாதை திறப்பது சாப்பர்களின் வேலை. டிசம்பர் 15 இரவு, குண்டுமழைக்கு நடுவே அது நடந்தது. கையால் வெடி தேடுவது எப்படி என்று ஐயா எங்கள் வீட்டுத் தரையிலேயே படுத்துக் காட்டினார். குப்புறப் படுத்து, நீளக் கம்பியை மண்ணில் சாய்வாகச் செருகி, தட்டுப்படுவது கல்லா வெடியா என்று விரலால் உணர வேண்டும். செங்குத்தாகக் குத்தினால் வெடியின் தலையில் அழுத்தம் விழுந்துவிடும். அடி அடியாக நகர்ந்து, திறந்த பாதையின் இரு ஓரங்களிலும் நாடா கட்டிக்கொண்டே போக வேண்டும். பாதை முழுதாகத் திறப்பதற்குள் பகைவரின் டாங்கிகள் நெருங்கிவிட்டன என்று செய்தி வர, பூனா ஹார்ஸ் என்ற படைப்பிரிவின் டாங்கிகள் துணிந்து வெடி வயலுக்குள் இறங்கின. மறுநாள் போரில் உயிர் கொடுத்த பூனா ஹார்ஸின் 21 வயது அருண் கேத்தர்பாலுக்கு நாட்டின் உயரிய போர் விருதான பரம் வீர் சக்ரா கிடைத்ததை நாடே அறியும். அதே களத்தில் கண்ணிவெடி வயலில் பாதை திறந்து மாண்ட சாப்பர் அதிகாரி மேஜர் விஜய் ரத்தன் சௌத்ரியின், அதற்கு அடுத்த விருதான மகா வீர் சக்ராவை அறிந்தவர்கள் குறைவு. எனக்கு இது பெரிய வருத்தம். பாதை திறந்தவர்களின் பெயரையும் பிள்ளைகள் பாடத்தில் படிக்க வேண்டும்.

அந்த வாரம் அப்பா எழுதிய கடிதத்தில் இருப்பது, பாப்பாவுக்கு ஸ்வெட்டர் வாங்கியாயிற்றா என்ற கேள்வி. அந்தப் பாப்பா நான்தான். ஐயா, இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு அந்தக் கடிதத்தை நீங்கள் எனக்குப் படிக்கக் கற்றுக்கொடுத்தீர்கள்.

அடுத்து, ஆந்திராவிலிருந்து படங்கள் அனுப்பிய நாயக் அண்ணாவுக்கு. வடகிழக்கில் மழையில் அடித்துப் போன பாலத்துக்குப் பதிலாக, பாகங்களைக் கோத்துப் போடும் இரும்புப் பாலமான பெய்லி பாலம் போட்ட நாட்களின் படங்கள் அவை. பெய்லி பாலத்தின் ஒரு பேனல் பத்தடி நீளம், ஏறத்தாழ 260 கிலோ எடை. கிரேன் வேண்டாம், ஆறு பேர் சேர்ந்தால் தூக்கிவிடலாம், கரையிலேயே கோத்து உருளைகளின் மேல் மறுகரைக்குத் தள்ளிவிடலாம். ஒரு படத்தில் அந்த ஆறு பேரில் ஒருவராக, சேற்றில் முழங்கால் வரை நின்றுகொண்டு, அப்பா. அன்று ஒரு பையனுக்குக் காய்ச்சல் என்பதால் மேஜர் சாப் வந்து நின்றுவிட்டார் என்று பின்னால் தெலுங்கில் எழுதியிருந்தீர்கள். தொகுப்பின் அட்டையில் இருப்பது அந்தப் படம்தான். மிடுக்கான சீருடைப் படங்கள் வேறு இருந்தும், அம்மா இதைத்தான் தேர்ந்தெடுத்தார்.

மெட்ராஸ் சாப்பர்ஸின் பெங்களூரு மையத்தில் அப்பாவிடம் பயிற்சி பெற்ற கேரளத்துத் தம்பிகளுக்கும் நன்றி. சுபேதார் சுப்பிரமணியனின் கதையை அவர் ஒவ்வொரு அணிக்கும் சொல்வார் என்று எழுதியிருந்தீர்கள். 1944 பிப்ரவரியில் இத்தாலியில் மிதிபட்ட கண்ணிவெடியின் மேல் பாய்ந்து விழுந்து, தன் உடம்பால் அதை மூடி, உடனிருந்தவர்களைக் காப்பாற்றிய மெட்ராஸ் சாப்பர் அவர். அதற்காகப் பிரிட்டனின் உயரிய வீர விருதுகளில் ஒன்றான ஜார்ஜ் கிராஸ் அவருக்குக் கிடைத்தது. சொல்லும்போது அப்பாவின் குரல் தடுமாறும் என்பதை உங்கள் கடிதத்தில்தான் நான் அறிந்தேன்.

பரங்கிமலைப் பயிற்சிக் கால ஆல்பத்தையே எங்களிடம் ஒப்படைத்த ஆன்ட்டிக்கு என்ன சொல்வது? 1962 சீனப் போருக்குப் பின், 1963இல் தொடங்கிய அந்தப் படை அதிகாரிகள் பயிற்சிப் பள்ளியில் உங்கள் கணவரும் அப்பாவும் ஒரே அறையில் இருந்தவர்கள். போர்க்காலத் தேவைக்காகக் கொடுத்த அவசரகால கமிஷனில் (தற்காலிக அதிகாரி நியமனத்தில்) சேர்ந்த பலர் சில ஆண்டுகளில் விடுவிக்கப்பட்டார்கள். இவர்கள் இருவரும் நிரந்தர கமிஷன் பெற்று, வாழ்க்கையையே படையில் கழித்தார்கள். அந்த ஆல்பத்தில் சிரிக்கும் மெலிந்த பையனை அம்மாவே அடையாளம் காணச் சற்று நேரமானது.

கடைசி மாதங்களில் அப்பாவைப் பார்த்துக்கொண்ட மருத்துவர்கள், செவிலியர்கள், இறுதிச் சடங்கில் லாஸ்ட் போஸ்ட் என்ற விடைகொடுக்கும் ஊதுகுழல் இசையை வாசித்த இளம் வீரர், அம்மாவின் குடும்ப ஓய்வூதியத் தாள்களை அவர் அலையாதபடி சரிசெய்து கொடுத்த முன்னாள் படைவீரர் நல அலுவலக ஊழியர், எல்லாருக்கும் எங்கள் வணக்கம்.

நீங்கள் தந்த அசல் படங்களையும் தாள்களையும் தபாலில் திருப்பி அனுப்பத் தொடங்கிவிட்டோம். முகவரி மாறியிருந்தால் தெரிவியுங்கள். 99 ஏ.பி.ஓ. கடிதங்களில் சிலவற்றுக்கு இன்னும் இடம் தெரியவில்லை. அந்த நாட்களில் உடனிருந்தவர்கள் இதைப் படித்தால் இரண்டு வரி எழுதுங்கள், அடுத்த பதிப்பில் சேர்ப்போம். தமிழ் படிக்காத தம்பிகளுக்காகத் தெலுங்குப் பதிப்பும் தயாராகிறது. நாயக் அண்ணாவின் பேத்திதான் மொழிபெயர்க்கிறாள். அவளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அன்புடன்,
கர்னலின் மகள்