பர்சனாலிட்டிக்குப் பத்து மார்க்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். இன்டர்வியூவுக்குப் போகிறவர்கள் எப்படி உடுத்த வேண்டும், எப்படி உட்கார வேண்டும் என்று சென்ற வார வேலைவாய்ப்புப் பக்கத்தில் எழுதியிருந்தீர்கள். சரி, எதிரே உட்கார்ந்திருப்பவர்களுக்கு யார் சொல்வது? கிண்டியில் ஒரு தனியார் நிறுவனத்தில் பதினெட்டு வருடம் அந்தப் பக்கம் உட்கார்ந்தவன் நான்.

எங்கள் படிவத்தில் ஐந்து கட்டங்கள்: பாட அறிவு, பேச்சு, பொறுப்பு, தலைமைப் பண்பு, கடைசியில் 'பர்சனாலிட்டி'. ஒவ்வொன்றுக்கும் பத்து மார்க். ஓய்வு பெறும்போது அலமாரியை ஒழித்ததில் சில பழைய தாள்கள் கையில் சிக்கின. என் கையெழுத்தில் ஒரு பையனுக்கு 8, 8, 9, 8, 9. அடுத்த தாளில் ஒரு பெண்ணுக்கு 5, 5, 4, 5, 4. அந்தப் பெண்ணை நன்றாக நினைவிருக்கிறது. செய்யாறு பக்கத்திலிருந்து விடியற்காலை பஸ் பிடித்து வந்தவள். குள்ளம், கறுப்பு, செருப்பு வாரில் ஊக்கு. டி.டி.எஸ். என்ற வருமான வரிப் பிடித்தம் பற்றிக் கேட்டதற்குச் சரியாகத்தான் பதில் சொன்னாள். குரல்தான் மேஜையைத் தாண்டவில்லை. அதற்குப் பாட அறிவில் ஏன் கை வைத்தேன்? பையன் ஆறடி, கணீர்க் குரல். "பார்த்தாலே மேனேஜர் மாதிரி இருக்கான் சார்" என்றார் பக்கத்திலிருந்தவர். அவனிடம் டி.டி.எஸ். கேட்டோமா என்பதே ஞாபகமில்லை.

ஆளின் ஒரு குணம் மனதில் பதிந்துவிட்டால் மற்றவற்றின் மார்க்கும் அதன்படியே போய்விடும் என்று எட்வர்ட் தார்ன்டைக் என்ற உளவியலாளர் 1920-லேயே எழுதிவிட்டார். ராணுவ அதிகாரிகள் தமக்குக் கீழிருந்தவர்களுக்குப் போட்ட மதிப்பெண்களில் உடற்கட்டு, அறிவு, தலைமை எல்லாம் ஒன்றையொன்று ஒட்டியே விழுந்திருந்தன. 1994-ல் ஹாமர்மெஷ், பிடில் என்ற பொருளியலாளர்கள் அமெரிக்கா, கனடாவில் சம்பளக் கணக்கையே பார்த்தார்கள்: தோற்றம் சராசரிக்கும் கீழே என்று மதிப்பிடப்பட்டவர்களுக்கு, சராசரித் தோற்றம் உள்ளவர்களைவிட 5 முதல் 10 சதவீதம் குறைவு. நம் ஊரில் நிறம் வேறு சேர்ந்துகொள்கிறது. 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' இயக்கம் 2009-ல் இதே சென்னையில்தான் தொடங்கியது. எங்கள் மேஜைவரை அது வந்து சேரவில்லை.

டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4-க்கு நேர்முகத் தேர்வே கிடையாது. கம்பெனிகள் அவ்வளவு தூரம் போக வேண்டாம். முதலில் ஒரு எழுத்துத் தேர்வு வைத்து, ஆளைப் பார்க்காதவர் திருத்தட்டும். அப்புறம் நேரில் வருகிற எல்லோரிடமும் ஒரே கேள்விகள். அந்த ஐந்தாவது கட்டத்தை அடித்துவிடலாம். நாங்கள் ஆள் தேடியது வவுச்சர் சரிபார்க்க. அதற்கு எதற்கு ஆறடி?

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்கு அதிகாரி,
நங்கநல்லூர், சென்னை-61