பழைய டிரெய்லரின் முதல் ஓட்டம்

ஆசிரியருக்கு,

வணக்கம். அமெரிக்காவின் பழைய டிராவல் டிரெய்லர்கள் (காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் வீட்டு வண்டிகள்) பற்றிய உங்கள் கட்டுரையில் ஏர்ஸ்ட்ரீம், ஷாஸ்டா வண்டிகளின் அழகு நன்றாக வந்திருந்தது. ஆனால் புதுப்பித்த கையோடு நெடுந்தூரம் கிளம்பலாம் என்று அதில் சொல்லியிருப்பது ஆபத்தான யோசனை. அறுபது வயது வண்டியின் முதல் ஓட்டம் வெறும் சோதனைதான். 50 மைலுக்குள், ஒரே இரவு போதும்.

டயரில் பட்டன் தேயவில்லையே என்று ஏமாற வேண்டாம். நின்றே கிடக்கும் டிரெய்லரின் டயர் தேய்ந்து போவதைவிட, ரப்பர் வயதாகி வெடிப்பதுதான் அதிகம். பக்கவாட்டில் கடைசி நான்கு இலக்கம் 2319 என்றிருந்தால், அது 2019-இன் 23-ஆவது வாரத் தயாரிப்பு. ஆறு வயதைத் தாண்டியதை மாற்றிவிடுவதே நல்லது. கழற்றி மாட்டிய சக்கரத்தின் நட்டுகளை 10, 25, 50 மைலில் நிறுத்தி, டார்க் ரெஞ்சால் (முறுக்கின் அளவைக் காட்டும் ஸ்பேனர்) மறுபடி சரிபார்க்க வேண்டும். அப்போதே ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலும் உள்ள ஹப்பின் அருகில் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் கொதித்தால் பேரிங்கில் கிரீஸ் இல்லை, அல்லது பிரேக் பிடித்தபடியே ஓடுகிறது.

எடைதான் பலர் கோட்டை விடும் இடம். மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இணைப்புக் கொக்கியின் மேல் இறங்க வேண்டும். 3,000 பவுண்டு வண்டிக்கு 300 முதல் 450 பவுண்டு. குறைந்தால் வேகத்தில் வால் ஆடத் தொடங்கும். தண்ணீர்த் தொட்டி பின்பக்கம் இருந்தால், அதை நிரப்பியதுமே இந்தக் கணக்கு மாறிவிடும். இங்கே கலிபோர்னியாவில் டிரெய்லர் இழுக்கும் வண்டிக்கு வேக வரம்பு மணிக்கு 55 மைல். சட்டம் இல்லாவிட்டாலும் முதல் ஓட்டத்துக்கு அது தாராளம்.

டிரெய்லர் கழன்றால் தானே பிரேக் போடும் சுவிட்சின் பின்னைக் கிளம்புமுன் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். சக்கரம் பூட்டிக்கொள்ளாவிட்டால் முதலில் பேட்டரியைப் பாருங்கள், பெரும்பாலும் அதுதான் செத்திருக்கும். பாதுகாப்புச் சங்கிலிகள் இரண்டும் கொக்கிக்கு அடியில் குறுக்காகப் போக வேண்டும். உங்கள் கட்டுரையின் படத்தில் நேராகத் தொங்குகின்றன.

முகாமில் தண்ணீர்க் குழாயோடு இணைக்கும்போது 40–50 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) அழுத்தக் கட்டுப்படுத்தி இல்லாவிட்டால் பழைய செம்புக் குழாயின் பற்றவைப்பு பிளந்துவிடலாம். கேஸ் இணைப்புகளைச் சோப்பு நீரால் சோதிக்க வேண்டும், தீக்குச்சியால் அல்ல. கேஸில் ஓடும் பழைய பிரிட்ஜ் சாய்ந்து நின்றால் குளிராது. தளம் மட்டமாக இருக்கட்டும். கார்பன் மோனாக்சைடு அலாரம் அந்தக் காலத்து வண்டிகளில் கிடையாது. அதைப் பொருத்தாமல் உள்ளே யாரும் படுக்கக் கூடாது.

இப்படிக்கு,
வாசகர், கலிபோர்னியா