கீழ்த்தாடைக்கு இம்பிளாண்ட் மீது பொருத்தும் பல்செட்டை முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்க்கக் கோரும் மனு

அனுப்புநர்:
நாகஸ்வரக் கலைஞர் (வயது 66),
கும்பகோணம் வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்.

பெறுநர்:
அரசுச் செயலாளர் அவர்கள்,
மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத் துறை,
தலைமைச் செயலகம், சென்னை – 600 009.

பொருள்: பல் இழந்த முதியோருக்கு இம்பிளாண்ட் (தாடை எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்வேர்) மீது பொருத்தும் கீழ்ப் பல்செட் வழங்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். பதினோரு வயதில் நாகஸ்வரத்தின் ஊதுமுனையான சீவாளியை வாயில் வைத்தவன் நான். கோயில் புறப்பாடும் கல்யாண முகூர்த்தமுமே இதுவரை சோறு போட்டன. இப்போது கீழ்வாயில் ஒரு பல்கூட இல்லை. ஈறு நோய்க்கு வெற்றிலையும் புகையிலையும் துணை போயின; அந்தப் பழியை வேறு யார்மீதும் போட மாட்டேன்.

நாகஸ்வரம் ஊதப் பல் எதற்கு என்று தாங்கள் நினைக்கலாம். சீவாளியைக் கவ்வுவது உதடுதான். ஆனால் அந்த உதட்டுக்குப் பின்னால் முட்டுக் கொடுப்பது பல். மேல் ஸ்தாயிக்குப் போகப் போக மூச்சும் உதட்டின் பிடியும் இறுக வேண்டும். முட்டு இல்லையென்றால் சுருதி நிற்காது.

அரசு மருத்துவமனையில் இலவசமாகவே முழுப் பல்செட் செய்து கொடுத்தார்கள். அந்த நன்றியை மறக்கவில்லை. மேல்செட் அண்ணத்தைப் பற்றிக்கொண்டு நிற்கிறது. கீழ்செட்டுக்கு அந்த வசதி கிடையாது. குதிரை லாடம் போன்ற வடிவம், நடுவில் ஓயாமல் புரளும் நாக்கு. சென்ற திருவாதிரைப் புறப்பாட்டில் மல்லாரி வாசித்துக்கொண்டிருந்தபோது அது எழும்பிச் சீவாளியில் இடித்தது. தவில்காரத் தம்பி நிலைமையைப் புரிந்துகொண்டு நீளமாக ஒரு தனி வாசித்து என் மானத்தைக் காப்பாற்றினார். அதன் பிறகு நான் நாயனம் எடுப்பதில்லை. விடாமல் சுருதி மட்டும் கொடுக்கும் ஒத்து ஊதலாம் என்றால் சுருதிப்பெட்டி வந்துவிட்டது. ஆகவே தாளம் போடுகிறேன். தாளக்காரருக்கு வரும் பங்கு எவ்வளவு என்பது ஊரறிந்தது.

பல் விழுந்தபின் தாடை எலும்பு ஆண்டுதோறும் தேய்ந்துகொண்டே போகும், மேல்தாடையைவிடக் கீழ்த்தாடை வேகமாகத் தேயும் என்று பல் மருத்துவர் விளக்கினார். அதனால்தான் எத்தனை முறை சரிசெய்தாலும் செட் தளர்கிறது. அவர் சொன்ன வழி இது: கீழ்த்தாடையின் முன்பகுதியில் டைட்டானியத்தால் ஆன இரண்டு இம்பிளாண்டுகளைப் பதிப்பார்கள். எலும்பு அவற்றைப் பிடித்துக்கொள்ளச் சுமார் மூன்று மாதம் ஆகும். பிறகு சட்டையின் அழுத்துப் பொத்தானைப் போலப் பல்செட்டை அவற்றின்மீது அழுத்தி மாட்டலாம், இரவில் கழற்றிக் கழுவலாம். புதுமை ஒன்றுமில்லை. ஸ்வீடனில் பிரோனமார்க் என்பவர் 1965-இலேயே மனிதருக்குப் பல் இம்பிளாண்ட் பொருத்திவிட்டார். கீழ்வாயில் பல்லே இல்லாதவருக்கு இரண்டு இம்பிளாண்ட் மீது நிற்கும் பல்செட்டையே முதல் தெரிவாகக் கொள்ளலாம் என்று கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள் 2002-இல் அறிவித்தார்கள்.

பழைய வாசிப்பு திரும்புமா என்று கேட்டேன். அதற்கு உறுதி தர முடியாது, செட் எழும்பாது என்று மட்டும் சொல்லலாம் என்றார். எனக்கு அது போதும். சர்க்கரை இருக்கிறது, கட்டுக்குள் வைத்திருக்கிறேன். புகையிலையை விட்டு நான்கு ஆண்டுகள் ஆகின்றன.

தனியார் மருத்துவமனையில் 70,000 ரூபாய் கேட்டார்கள். நலிந்த கலைஞர்களுக்கு அரசு தரும் மாதம் 3,000 ரூபாயை ஒரு காசு தொடாமல் சேர்த்தாலும் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் ஆகும். காப்பீட்டு அட்டையைக் காட்டிக் கேட்டபோது, இது அழகுக்கான சிகிச்சை, இதற்கு இடமில்லை என்று பதில் வந்தது. அறுபத்தாறு வயதில் எனக்கு என்ன அழகு வேண்டியிருக்கிறது? காது கேளாத குழந்தைக்குக் காக்ளியர் கருவி பொருத்துவதை இதே திட்டம் ஏற்றிருக்கிறது. ஒன்றிய அரசு 2017-இல் தொடங்கிய வயோஸ்ரீ திட்டத்தில் ஏழை முதியோருக்கான உதவிக் கருவிகளின் வரிசையில் ஊன்றுகோல், காது கேட்கும் கருவி, மூக்குக் கண்ணாடியோடு பல்செட்டும் இருக்கிறது. அரசு தரும் அந்தப் பல்செட் வாயில் நிற்க வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை.

என் அக்காவுக்கு வயது 74. அவர் கீழ்செட்டை டப்பாவில் போட்டு அலமாரியில் வைத்துவிட்டு, குழைந்த சோறும் ரசமுமாகக் காலம் தள்ளுகிறார். தெருவுக்கு நாலு டப்பா இப்படி இருக்கும்.

ஆகவே, கீழ்வாயில் முழுவதும் பல் இழந்து, சாதாரணப் பல்செட் நிற்காதவர் என்று அரசுப் பல் மருத்துவர் சான்றளிக்கும் முதியோருக்கு இரண்டு இம்பிளாண்டுடன் கூடிய கீழ்ப் பல்செட்டைக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்க்க வேண்டுகிறேன். செட்டைக் கவ்விப் பிடிக்கும் வளையம் நாளடைவில் தேயும், அவ்வப்போது மாற்ற வேண்டும் என்கிறார்கள். முகாம் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனால் அது நடக்காது. எனவே மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலேயே அந்த வளையம் கிடைக்கச் செய்ய வேண்டும். அதுவரை, சென்னையில் உள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் என் போன்றோருக்குக் கட்டணமின்றி இச்சிகிச்சை கிடைக்க ஆணையிட்டாலும் ரயில் ஏறி வந்துவிடுவேன்.

எங்கள் பக்கத்து நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மகிழ்ச்சிதான். அதை ஊதுகிறவனின் வாயையும் ஒருமுறை பார்க்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)

இணைப்பு: காப்பீட்டு அட்டை நகல், தாடை எக்ஸ்ரே நகல், பல் மருத்துவரின் குறிப்பு.