அந்த எண்ணுக்கு நேரே எழுதியிருப்பதைப் படித்துச் சொல்லுங்கள்

ஆந்திர-தமிழ்நாடு எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் முன்னாள் படைவீரர் அலுவலகங்களிலும், பழைய பட்டாளப் பதிவேடுகளைப் பாதுகாக்கும் இடங்களிலும் பொறுப்பில் இருக்கும் ஐயா, அம்மா எல்லோருக்கும் நகரியிலிருந்து ஓர் அடகுக்கடைக்காரனின் வணக்கம்.

என்னிடம் இருக்கும் ஒரு பழைய பட்டாள மெடலை உரிய குடும்பத்திடம் சேர்க்க, அந்த வீரரின் விவரம் கேட்டு நான் எழுதிய மனுக்கள் உங்கள் மேஜையில் இருக்கின்றன. அதனால் பழைய கதையை முழுக்கச் சொல்லப்போவதில்லை. போன வாரம் வந்த பதில்தான் இதை எழுத வைத்தது. "சட்டப்படியான வாரிசு மட்டுமே விவரம் கோரலாம், வாரிசுச் சான்றிதழை இணைக்கவும்" என்று இருந்தது. ஐயா, வாரிசு யார் என்று தெரியாமல்தானே உங்களிடம் விவரம் கேட்டேன்?

என் தாத்தா காலத்து இரும்புப் பெட்டியில் கிடந்த வெள்ளி மெடல் அது. ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜ் தலை. மறு பக்கம் துணியில்லாமல் குதிரைமேல் ஒருவன், 1914, 1918 என்ற வருடங்கள். ரிப்பன் போய்விட்டது. விளிம்பில் எண், பதவி, பெயர், 61வது பயனியர் என்ற பட்டாளம், எல்லாம் இன்றும் படிக்க முடிகிறது. பெயரை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் நாளைக்கே பத்து வாரிசுகள் கடை வாசலில் நிற்பார்கள். தவிர, எங்கள் பக்கம் தெருவுக்கு இரண்டு பேருக்கு இருக்கிற பெயர்தான் அது. அப்பா பெயர் மெடலில் இல்லை. அடகுச் சிட்டையைக் கரையான் தின்றுவிட்டது.

சிக்கல் அங்கேதான். இரண்டு குடும்பங்கள் இருக்கின்றன. ஒன்று என் கடைக்கு நாலு தெரு தள்ளி. இன்னொன்று திருத்தணியைத் தாண்டி ஒரு கிராமத்தில். இரண்டு வீட்டிலும் அதே பெயரில் ஒரு தாத்தா, இரண்டு பேரும் முதல் உலகப் போருக்குப் போய்த் திரும்பியவர்கள். நகரிக் குடும்பத்தாருக்கு, வீட்டில் ஒரு மெடல் இருந்தது, எப்படியோ போனது என்பதற்குமேல் தெரியாது.

கிராமத்தில் இருப்பவர் ஒரு பாட்டி. எண்பதைத் தாண்டியவர். கண் சரியாகத் தெரியாது. மெடலைக் கையில் கொடுத்தேன். விளிம்பைக் கட்டைவிரலால் சுற்றிச் சுற்றித் தடவினார். "எங்கப்பா சாகற வரைக்கும் சொல்லிக்கிட்டிருந்தாரு, தாத்தாவோட வெள்ளி வில்லையை நகரியில வச்சேன், மூழ்கிப்போச்சுன்னு" என்றார். அப்புறம் இன்னொன்று சொன்னார். தாத்தா கப்பலேறிப் போன இடத்தில் துப்பாக்கிச் சண்டைக்கு நடுவே தேனீக்கள் கிளம்பி வந்து கொட்டினவாம். சின்ன வயதில் கேட்ட கதை. ஊரார் கேலி செய்வார்கள் என்று வெளியே சொல்வதில்லையாம். வீட்டுக்கு வந்து என் மகனைத் தேடச் சொன்னேன். 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவில், இன்றைய தான்சானியாவில் இருக்கிற தாங்கா துறைமுகத்தில் நடந்த சண்டை அது. 61வது பயனியர் அங்கே இருந்திருக்கிறது. தேனீக்கள் கொட்டியதும் உண்மை.

எனக்கு மனசு பாட்டி பக்கம்தான் சாய்கிறது. ஆனால் மனசு சாய்ந்த பக்கம் எடைபோடுகிற தொழில் இல்லை எங்களுடையது. அதே பட்டாளத்தில் அதே பெயரில் இருவர் இருந்திருக்கலாம். பொருள் உரியவர் கைக்குப் போகவேண்டும். அதற்குப் பதிவேட்டில் ஒரே ஒரு வரி போதும். அந்த எண்ணுக்கு நேரே தகப்பன் பெயர் என்ன, ஊர் எது?

இதற்கு ஆந்திரப் பக்கம், "அந்தக் கிராமம் தமிழ்நாட்டில் இருக்கிறது, அங்கே கேளுங்கள்" என்றார்கள். தமிழ்நாட்டுப் பக்கம், "அப்போது அது சித்தூர் மாவட்டம், அங்கே கேளுங்கள்" என்றார்கள். மெடலுக்குரியவர் கப்பலேறியபோது இரண்டு ஊரும் சென்னை ராஜதானியில் ஒரே மாவட்டம். 1953இல் இரண்டும் ஆந்திராவுக்குப் போயின. 1960 ஏப்ரலில் திருத்தணி தமிழ்நாட்டுப் பக்கம் போனது, நகரி ஆந்திராவிலேயே நின்றுவிட்டது. ம.பொ.சி. ஐயா போராடித் திருத்தணியையே மீட்டார். எனக்கு ஒரு வெள்ளி வில்லையை மீட்டுக் கொடுக்க வழியில்லை. மூன்றாவது இடத்தில், "அந்தப் பட்டாளத்தையே 1933இல் கலைத்துவிட்டார்களே" என்று எனக்குச் சரித்திரம் சொன்னார்கள். சரி, பட்டாளத்தைக் கலைத்தார்கள். பேரேட்டையுமா கலைத்தார்கள்?

ஒரு எழுத்தர் நல்ல மனசோடு யோசனையும் சொன்னார்: "வெள்ளி என்ன விலை விக்குது, உருக்கிட வேண்டியதுதானே?" அந்த யோசனை எங்கள் தொழிலில் யாருக்கும் புதிது இல்லை. இப்படிப்பட்ட மெடல்கள் எத்தனையோ கொலுசாகவும் அரைஞாணாகவும் போய்விட்டன. இது தப்பியது என் தாத்தாவின் சோம்பலாலோ நல்ல புத்தியாலோ, தெரியாது.

லாகூர் அருங்காட்சியகத்தில் கிடந்த ஏடுகளிலிருந்து, அதே போருக்குப் போன பஞ்சாப் வீரர்கள் சுமார் 3,20,000 பேரின் விவரங்களை 2021இல் இணையத்தில் ஏற்றத் தொடங்கினார்கள். ஊர் பெயரைத் தட்டித் தாத்தாவைத் தேடுகிறார்கள் பேரப்பிள்ளைகள். நான் லட்சக்கணக்கில் கேட்கவில்லை. ஒரு எண், ஒரு வரி. டிசம்பர் 7 வந்தால் கொடி நாள் உண்டியல் மட்டும் என் கடை முகவரியைத் தவறாமல் கண்டுபிடித்து வந்துவிடுகிறது. என் மனுவுக்குத்தான் வழி தெரியவில்லை.

கோபத்தில் ஏதோ எழுதிவிட்டேன், மன்னிக்கவும். உங்களுக்கும் ஆள் பற்றாக்குறை, கோப்பு மலை என்று தெரியும். பதிவேட்டைத் தேடித் தூசி தட்டவேண்டும் என்றால் நானே வந்து தட்டுகிறேன். அந்த எண்ணுக்கு நேரே இருக்கும் தகப்பன் பெயரையும் ஊரையும் மட்டும் படித்துச் சொல்லுங்கள். வாரிசுச் சான்றிதழை அதற்குப் பிறகு அந்தக் குடும்பமே கொண்டுவந்து தரும்.

ஆடிக் கிருத்திகைக்குப் பாட்டியைத் திருத்தணி மலைக்குக் கூட்டிவருவார்களாம். அதற்கு முன்னால் பதில் கிடைத்து, அது அவர் தாத்தாதான் என்றால், அடிவாரத்தில் காத்திருந்து கையில் கொடுத்துவிடுவேன். இல்லை, நகரித் தாத்தாதான் என்றால் நாலு தெரு நடந்தால் போதும். வட்டி எதுவும் வாங்கப்போவதில்லை.

இப்படிக்கு,
நகரி அடகுக்கடைக்காரன்